இல்லாத பிள்ளைக்கு என்ன ஏற்பாடு?



"மாணவர்கள் சொந்த லேப்டாப் கொண்டு வரவேண்டும்" என்று ஒரு பள்ளி நிர்வாகம் சொல்லிவிடலாம். மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் தாய், பத்தமடையில் பாய் முடையும் தாய் அதற்கு எங்கே போவார்கள்?

2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் டூ மாணவர்களுக்கு ஏழை, பணக்காரர் என்று பிரிக்காமல் கொடுத்தது. சுயநிதிப் பள்ளி மாணவர்களுக்கு அதுவும் இல்லை.

வணிகப் பெருமக்களே! உங்கள் மகனுக்கு ஒன்று வாங்கும்போது பள்ளிக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள். பெயர் பொறிக்காதீர்கள். பள்ளியின் பொதுச் சொத்தாக இருந்தால் எந்தப் பிள்ளையும் தலைகுனியாது.

இளைஞர்களே! நிர்வாகத்திடம் கேளுங்கள்: இல்லாத பிள்ளைக்கு என்ன ஏற்பாடு? பதில் வந்தபின் உத்தரவு வரட்டும்!