வானத்துக் கண்ணும் நம்ம அடங்கலும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



போன மாசம் வேப்பந்தட்டை பக்கத்துக் குழுவில் ஒரு அக்கா கேட்டாங்க: “கொல்லையில மக்காச்சோளம் நிக்குதா, பருத்தி நிக்குதான்னு செயற்கைக்கோள் சொல்லிடுமாமே, நெசமா?”

நெசம்தான். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2014-ல் அனுப்பிய சென்டினல்-1ஏ செயற்கைக்கோள் படங்களை வைத்து, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் நம்ம பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மக்காச்சோளப் பரப்பைக் கணக்கிட்டிருக்காங்க.

புரட்டாசி, ஐப்பசியில் வானம் மூடிக் கிடக்குமே, எப்படித் தெரியும்? அது ரேடார். மேகத்தையும் இருட்டையும் தாண்டிப் பார்க்கும். 12 நாளைக்கு ஒருமுறை அதே இடத்தைப் படம் எடுக்கும். நடவுக்குத் தண்ணி கட்டிய வயல் கறுப்பாத் தெரியும். நெல் வளர வளர வெளுக்கும். மானாவாரி மக்காச்சோளம் சீக்கிரம் உயரும். பருத்தி மெதுவா வளர்ந்து பல மாசம் நிக்கும். இந்த வளர்ச்சி வித்தியாசத்தை வைத்துத்தான் பயிரைப் பிரிக்கிறாங்க.

ஆனா அதுக்கும் குறை உண்டு. ஏறக்குறைய 10 சென்ட் நிலம் அதுக்கு ஒரே புள்ளி. துண்டு நிலமும் ஊடுபயிரும் அதைக் குழப்பும். அதனால ஊர் ஊராப் போய் நேரில் பார்த்துத்தான் படத்தைச் சரிபார்ப்பாங்க.

இன்னொரு பெரிய குறை: பயிர் தெரியும், பாடுபட்டவ பேரு தெரியாது! எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா குத்தகைக் கொல்லையில் மக்காச்சோளம் போட்டாங்க. அடங்கலில் பழைய பருத்தியே இருந்துச்சு. பயிர் காய்ஞ்சு போச்சு, காப்பீடும் கைக்கு வரலை.

அதனால மூணு வேலை செய்யுங்க. விதைச்சதும் கிராம நிர்வாக அலுவலரிடம் இந்தப் பருவத்து அடங்கல் வாங்கி, சர்வே எண்ணையும் பயிரையும் சரிபாருங்க. குத்தகைதாரரும் பயிர்க் காப்பீட்டில் சேரலாம்; அதுக்குக் குத்தகையை எழுத்தில் வாங்குங்க. காப்பீட்டு ரசீதில் உங்க பேரு, பயிர், வங்கிக் கணக்கு எண் மூணையும் படிச்சுப் பாருங்க. படிக்கத் தெரியாதவங்களுக்குக் குழுவில் படிக்கத் தெரிஞ்சவங்க உதவணும்.

கொல்லையில நிக்கிறதை வானம் பார்த்துக்கும். காகிதத்துல நிக்க வேண்டியதை நாமதான் பார்த்துக்கணும்.