மிதக்கும் தரையில் நடக்கும் மான்



மான் என்றதும் துள்ளியோடும் கால்களே நம் நினைவில் எழுகின்றன. ஆனால் எல்லா மான்களும் ஒரே விதமான தரையில் ஓடுவதில்லை. பாரசிங்கா எனும் சதுப்பு மானையே பாருங்கள். தராய்ச் சதுப்புகளில் வாழும் அதன் வகைக்குக் குளம்புகள் அகன்று விரிகின்றன. மத்தியப் பிரதேசத்துக் கன்ஹாவின் கெட்டித் தரையில் வாழும் வகைக்கு அவை குறுகி உறுதியாக உள்ளன. இவற்றினும் விந்தையான தரையில் நடப்பது மணிப்பூரின் சங்காய் மான்.

லோக்டாக் ஏரியின் தென்கிழக்கே அமைந்த கெய்புல் லாம்ஜாவோ தேசியப் பூங்காவின் பரப்பு 40 சதுர கிலோமீட்டர். இயற்கைச் சூழலில் சங்காய் வாழும் ஒரே இடம் இதுவே. இப்பூங்காவின் பெரும்பகுதி நிலமன்று. புல்லும் நாணலும் வேரும் மட்கிய தழையும் மண்ணும் பின்னிப் பிணைந்த மிதவைப் படுகை. அங்குள்ளோர் இதனைப் பும்தி என்பர். இதன் தடிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே நீருக்கு மேல் தெரியும். கால் வைத்தால் அமிழ்ந்தெழும் இப்பரப்பில் சங்காய் குளம்பின் நுனியை மட்டும் ஊன்றுவதில்லை. குளம்புக்கு மேலுள்ள கணுவின் பின்புறத்தையும் ஊன்றி நடக்கிறது. அவ்விடத்தில் மயிரின்றித் தோல் காய்த்திருக்கிறது. உடலின் பாரம் பரவுவதால் கால் புதைவதில்லை. அந்நடையைக் கண்டவர்கள் இதை நடனமாடும் மான் என்றனர்.

உடலமைப்பு பாதிக் கதைதான். ஏரியின் ஆண்டுச் சுழற்சியோடும் இம்மான் பொருந்தி வாழ்ந்தது. மழைக்காலத்தில் நீர் உயரும்போது பும்தி மிதக்கும். வெள்ளம் மிகுந்தால் பூங்காவினுள் உள்ள சிறு குன்றுகளில் மான்கள் ஒதுங்கும். வறண்ட மாதங்களில் பும்தி ஏரியின் அடித்தரையில் படிய, வேர்கள் மண்ணின் சத்தை உறிஞ்சிச் செழிக்கும்.

1951-ல் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட சங்காயை 1953-ல் இயற்கை ஆர்வலர் இ. பி. ஜீ மீண்டும் கண்டறிந்தார். 1975-ல் வானிலிருந்து எண்ணியபோது இருந்தவை 14 மட்டுமே. 1977-ல் தேசியப் பூங்கா அமைந்தது. 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை 260.

மகிழ வேண்டிய செய்திதான். எனினும் 1983-ல் இத்தாய் கதவணை இயங்கத் தொடங்கியது. 105 மெகாவாட் திறனுள்ள லோக்டாக் நீர்மின் திட்டத்துக்காக ஏரிநீர் ஆண்டு முழுவதும் உயர்ந்த மட்டத்தில் தேக்கப்பட்டது. ஏரியோர வயல்கள் மூழ்கின. வறண்ட மாதங்களிலும் பும்தி தரையைத் தொடாது மிதந்தது; சத்தின்றி மெலிந்தது. மெலிந்த பும்தி மானைத் தாங்காது. வேட்டையைத் தடுக்கக் காவலர் போதும். இதற்குக் காவலர் என்ன செய்ய இயலும்?

மின்சாரம் வேண்டாமென்று நான் கூறவில்லை. நீர்மட்டத்தை வகுக்கும் அட்டவணையில் மின் உற்பத்திக்கும் பாசனத்துக்கும் இடமிருப்பது போலப் பும்திக்கும் இடம் வேண்டும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எத்தனை நாட்கள் மட்டத்தைத் தாழ்த்தினால் பும்தி தரையில் படியும், அதனால் எத்தனை யூனிட் மின்சாரம் குறையும் என்பதைப் பொறியாளரும் வன அதிகாரியும் ஏரிக்கரை மீனவரும் ஒன்றாக அமர்ந்து கணக்கிடுவதே முதல் வேலை.