வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்: வாங்கும்போதும், வாங்கிய பிறகும்

(நம் பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, நீதான் இன்ஜினியராச்சே, வீட்டுக் கம்ப்யூட்டரைப் பத்தி இருபது நிமிஷம் பேசு. ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்றார். முதல் பாதி சுலபம், இரண்டாம் பாதிதான் கஷ்டம். அதுவும் எனக்குப் பாடம் நடத்திய ஆசிரியர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். தப்பாகச் சொன்னால் இப்போதும் எழுந்து நிற்கச் சொல்வார்கள்.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிழக்கு ஜன்னல் ஓரம், கேபினெட் தரையில். ஜன்னல் திறந்துகொண்டு ராத்திரி முழுக்க மழை உள்ளே அடித்தது. மறுநாள் துணியால் துடைத்து வைத்தேன். பல நாள் கழித்துக் கரண்ட் வந்ததும் அவசரப்பட்டு ஆன் செய்தேன். கிர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சென்னைக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். ஹார்ட் டிஸ்க்கின் தகட்டிலேயே கீறல் விழுந்துவிட்டது, ஒன்றும் எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

"போகட்டும்மா, புதுசு வாங்கிக்கலாம்" என்றேன். அம்மா சொன்னார்கள்: "கம்ப்யூட்டர் போனா போவுது தம்பி. அப்பா பேசினது அதுலதானே இருந்துச்சு?"

அப்பா தவறிப்போவதற்கு முன் ஊர்க் கதை, குடும்பக் கதை எல்லாம் பேசச் சொல்லிப் பதிவு செய்து வைத்திருந்தேன். பல மணி நேரப் பேச்சு. அதில் இன்று மிச்சம் நாலு நிமிஷம். பாரீசில் இருக்கும் அக்காவுக்கு எப்போதோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரே ஒரு துண்டு, அவர்கள் போனில் இருந்தது. ஊருக்கெல்லாம் "காப்பி எடுத்து வையுங்க" என்று சொன்ன இன்ஜினியர் வீட்டுக் கதை இது. இயந்திரத்தைத் திரும்ப வாங்கலாம், உள்ளே இருப்பதை வாங்க முடியாது. நான் இன்று சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருவதுதான்.

யாருக்காக வாங்குகிறோம்?

கடைக்குப் போனதும், "எது சார் நல்ல கம்ப்யூட்டர்?" என்று கேட்கிறோம். ஜவுளிக்கடையில் போய் "எது நல்ல துணி?" என்று கேட்பது போலத்தான் இதுவும். யாருக்கு, எதற்கு என்பதை முதலில் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

ரிட்டையரான பெற்றோர், பிரான்சில் இருக்கும் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், அவ்வளவுதான் என்றால் கம்ப்யூட்டரே வேண்டாம். பெரிய திரையுள்ள ஒரு டேப்லெட் போதும். மிச்சப் பணத்தில் இரண்டு ஜோடி மூக்குக் கண்ணாடி வாங்கலாம். கல்லூரிக்குப் போகும் மகளுக்கு லேப்டாப்தான் சரி. கடைக் கணக்கு, ஜி.எஸ்.டி., பில் அடிப்பது என்றால் டெஸ்க்டாப். ஒரு பாகம் போனால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, ரேம். இது வேலை செய்கிற மேஜை மாதிரி. சின்ன மேஜையில் நாலு நோட்டைப் பரப்ப முடியாது. 8 ஜி.பி. குறைந்தபட்சம், படிக்கிற பிள்ளைக்கு 16 இருந்தால் நல்லது. இரண்டு, எஸ்.எஸ்.டி. பழைய ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தகடு உண்டு, இதில் சுழலும் பாகமே கிடையாது. வேகமும் அதிகம், ஆட்டத்துக்கும் பயமில்லை. மூன்றாவது, சர்வீஸ். பழுதானால் ஆள் காரைக்காலுக்கு வருவாரா, இல்லை நாம் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் சிறிது காலம் கூடுதல் அவகாசம் கொடுத்தார்கள். விண்டோஸ் 11 போட வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். பெட்டி பளபளவென்று இருக்கிறதே என்று அதற்கும் முந்தைய தலைமுறையை வாங்கிவிட்டால், பூட்டு மாற்ற முடியாத வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஏற்கனவே அப்படி ஒரு பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். லினக்ஸ் இருக்கிறது, இலவசம். நம் நாட்டு சி-டாக் நிறுவனமே பாஸ் என்ற லினக்ஸை 2007-இல் வெளியிட்டது, அதில் தமிழும் உண்டு. வாஞ்சூர் தாண்டினால் நாகை மாவட்டம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு 2011 முதல் கொடுத்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு அதுவும் சேர்ந்தே வந்தது. பழைய பெட்டியில் லினக்ஸ் போட்டு இன்னும் சில வருஷம் தாராளமாக ஓட்டலாம்.

கண்ணுக்குத் தெரியும் அழுக்கு

மற்ற ஊர்க் கம்ப்யூட்டருக்குத் தூசி ஒன்றுதான் எதிரி. நம்ம ஊருக்குத் தூசியோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. கடல் காற்றில் வரும் உப்பு உள்ளே போய் மெல்லிய படலமாகப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். ஐப்பசி, கார்த்திகையில் சமையலறை உப்பு ஜாடியைப் பார்த்தால் தெரியும். அதே வேலைதான் கம்ப்யூட்டருக்குள்ளும் நடக்கிறது. கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும், செம்பைப் பச்சையாக அரித்துவிடும். என் விஷயத்திலும் நான் தண்ணீரைத் துடைத்தேனே தவிர, உள்ளே போன ஈரத்தையும் உப்பையும் நினைக்கவே இல்லை.

ஆகவே, கம்ப்யூட்டரைக் கடல் பார்த்த ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்த்தி வையுங்கள். வாரக்கணக்கில் மூடிப் போடாமல், மழைக்காலத்தில் தினமும் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். அந்தச் சூட்டில் ஈரம் காயும். நிறுத்தி, ஆறிய பிறகு பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும்.

சுத்தம் செய்ய நல்ல நாள் ஒன்று சொல்கிறேன், ஆயுத பூஜை. எந்த மதத்தவராக இருந்தாலும் சரி, அது வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வரும் நாள். சந்தனம், குங்குமம் வைக்கிறவர்கள் அதற்கு முன்னால் உள்ளே இருக்கும் தூசியை எடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெயின்ட் கடையில் கிடைக்கும் ஒரு அங்குல பிரஷ் புதுசாக ஒன்று வாங்கி மெதுவாகத் தட்டுங்கள். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழன்றால் அது கெட்டுப்போகும். திரையை லேசாக நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும், எதையும் நேராகத் தெளிக்காதீர்கள். பல்லி, எறும்பு நுழையும் ஓட்டை இருந்தால் அடையுங்கள், ஆனால் காற்றுத் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

பேராசிரியர்கள் இருப்பதால் எர்த்திங்கையும் சொல்லிவிடுகிறேன். பல பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்கு ஒயரே இருக்காது. லேப்டாப்பைத் தொட்டால் சுரீர் என்கிறதா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டெஸ்க்டாப்புக்கு யு.பி.எஸ். அவசியம். கரண்ட் போனால் வேலையைச் சேமித்து ஒழுங்காக நிறுத்தத்தான் அது, சீரியல் பார்த்து முடிப்பதற்கு அல்ல. இடி இடித்தால் பவர் பிளக்கோடு இன்டர்நெட் ஒயரையும் பிடுங்குங்கள். இடி அந்த வழியாகவும் உள்ளே வரும்.

கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

பி.சி.க்களில் பரவிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் 'பிரெய்ன்' 1986-இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதியது. தங்கள் பெயர், போன் நம்பரைக்கூட அதற்குள் எழுதி வைத்திருந்தார்கள். அது ஃபிளாப்பியிலிருந்து ஃபிளாப்பிக்குத் தொற்றியது. இன்று அந்த வேலையை பென் டிரைவ் செய்கிறது. ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்கக் கொடுத்த பென் டிரைவை வீட்டில் செருகியதும் முதலில் ஸ்கேன் செய்யுங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும், தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அப்டேட் என்று வந்தால் "அப்புறம்" என்று தள்ளுவது நம் எல்லோருக்கும் பழக்கம். 2017 மே 12-ஆம் தேதி வானாக்ரை என்ற நச்சு நிரல் உலகம் முழுக்கப் பரவி, கோப்புகளைப் பூட்டிப் போட்டுப் பணம் கேட்டது. ஆந்திரக் காவல்துறைக் கம்ப்யூட்டர்களும் கேரளப் பஞ்சாயத்து அலுவலகக் கம்ப்யூட்டர்களும்கூடத் தப்பவில்லை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்னாலேயே, மார்ச் 14-இல், வெளிவந்திருந்தது. போட்டவர்கள் பிழைத்தார்கள், "அப்புறம்" என்றவர்கள் மாட்டினார்கள்.

"எல்லா சாஃப்ட்வேரும் ஃப்ரீயா போட்டுத் தர்றேன் சார்" என்பவரிடம் ஜாக்கிரதை. பூட்டை உடைத்த மென்பொருளைப் போட முதலில் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார். வாட்ச்மேனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் வருவேன் என்கிற விருந்தாளியை வீட்டுக்குள் விடுவோமா? பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு வைத்துக் கொடுங்கள், அட்மினிஸ்டிரேட்டர் பாஸ்வேர்டு பெரியவர்களிடமே இருக்கட்டும். பாஸ்வேர்டு ஊர்ப் பெயரும் 123-ஆகவும் இருக்க வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு தமிழ் வார்த்தைகளைக் கோத்து ஆங்கில எழுத்தில் அடியுங்கள், உங்களுக்கு மறக்காது, மற்றவருக்கு எளிதில் வராது.

எல்லாவற்றையும்விட ஆபத்து, போனில் வருகிற குரல். "பேங்க்ல இருந்து பேசறோம், இந்த ஆப்பைப் போடுங்க" என்பான். போட்டால் உங்கள் திரை அவன் கையில். "போலீஸ் பேசறோம், உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம்" என்பான். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறுவதற்குள் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. கம்ப்யூட்டரில் தொற்று இருக்கிறதோ என்று சந்தேகமா? மத்திய அரசு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா இலவசமாகச் சுத்தம் செய்யும் கருவிகளைத் தருகிறது. ஸ்வச்தா என்றாலே சுத்தம்தான்.

இரண்டாவது பிரதி

கடைசியாக, நான் தவறவிட்ட பாடம். முக்கியமானது எதுவானாலும் மூன்று பிரதி, இரண்டு விதமான இடத்தில், அதில் ஒன்று ஊருக்கு வெளியே. கம்ப்யூட்டரில் ஒன்று, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் ஒன்று. அது வேண்டாம் என்றால் கும்பகோணத்து மாமா வீட்டு அலமாரியில் ஒரு டிஸ்க். எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் காப்பி எடுத்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே வைத்திருந்தால் வானாக்ரை மாதிரி ஒன்று வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். திறக்காத பிரதி இருக்கிறதா இல்லையா என்பதே நமக்குத் தெரியாது.

2004 சுனாமியையும் 2018 கஜாவையும் பார்த்த கரை இது. ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி உயரத்தில் வைக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே பழக்கம்தான் இதற்கும் வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும், இது போனால் திரும்பக் கிடைக்காது என்று நினைக்கிற ஒரே ஒரு படம், ஒரே ஒரு குரல், ஒரே ஒரு பத்திரம், எதுவானாலும் சரி, வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். என் அம்மா இன்றைக்கும் அந்த நாலு நிமிஷத்தைத்தான் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.