கொள்வனவும் தள்ளுவனவும்
(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பொருள் குறித்து நான் பேசக்கூடும் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேச வந்திருப்பதோ என் வீட்டு எழுத்தறையைப் பற்றி. திருவரங்கத்தில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில், முன்பு நெற்குதிர் இருந்த சிற்றறை அது. முப்பத்தெட்டு வயது வரையில் எனக்கென்று ஒரு மேசை இருந்ததில்லை. உணவு மேசையில் எழுதுவேன். உண்ணும் வேளை வந்ததும் தாள்களை வாரிக் கிடைத்த இடத்தில் செருகுவேன். பின்னர் அறை வந்தது, பழக்கம் போகவில்லை. விடைத்தாள் கட்டுகள், மாணவர் ஆய்வேடுகள், கருத்தரங்குதோறும் தந்த பைகள், அவற்றுள் பிரிக்கப்படாத கட்டுரைகள் எனக் குவிந்து, நாற்காலியை நகர்த்தவும் இடமில்லாமற் போயிற்று. “அம்மா, உன் மேசைக்கு வழி சொல்ல யாராவது ஓர் ஆற்றுப்படை பாட வேண்டும்” என்றாள் என் மகள்.

பத்தாம் ஆண்டு மலருக்காக, முதலாண்டுக் கவியரங்கக் கவிதைகள் உங்களிடம் இருக்கின்றனவா எனச் செயலர் கேட்டபோதுதான் அறையைத் திருத்தப் புகுந்தேன். கவிதைகள் கிடைத்தன. ஒரு கருத்தரங்கப் பையின் அடியில் ஒன்பது கவிதைகள் இருந்தன. ஒன்று மின்கட்டணச் சீட்டின் பின்புறத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அவற்றைத் தேடும்போது வேறொன்று இல்லை என்பது தெரிந்தது.

முனைவர் பட்ட ஆய்வின்போது, கொள்ளிடத்திற்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரில் முதிய அம்மையார் ஒருவர் பாடிய ஒப்பாரிகளை நீல அட்டைக் குறிப்பேடு ஒன்றில் எழுதிவைத்திருந்தேன். ஆய்வேட்டில் நான் எடுத்தாண்டவை சில. எஞ்சியவை அக்குறிப்பேட்டில் மட்டுமே இருந்தன. மூன்றாண்டுகளுக்கு முன் போகிக்கு முதல்நாள், அறை தூய்மையாக வேண்டும் என்ற வேகத்தில் பழைய வினாத்தாள் கட்டுகளை எடைக்குப் போட்டேன். அவற்றினிடையே அதுவும் போயிருக்க வேண்டும். அந்த அம்மையார் இன்று இல்லை. அவர் ஊரில் அப்பாடல்களை அறிந்தவர் எவரையும் என்னால் காண இயலவில்லை. அறை அன்று மிகத் தூய்மையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உ.வே.சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் நிகழ்ந்ததைப் பதிந்திருக்கிறார். சுவடி தேடி அங்குச் சென்றவருக்கு, பழுதுற்ற ஏடுகள் முறைப்படி தீயிலிடப்பட்டன என்ற செய்தியே கிடைத்தது. அதனை மாணவர்க்குப் பலமுறை சினத்தோடு சொல்லியிருக்கிறேன். குறிப்பேட்டை இழந்தபின் சினம் குறைந்து அச்சம் மிகுந்தது. ஏடுகளை எரித்தவர் தமிழுக்குப் பகைவர் அல்லர்; ஒழுங்கு செய்கிறோம் என்று நம்பியவர். நானும் அவ்வாறே நம்பினேன்.

ஒழுங்கு என்பது தள்ளுவதன்று, வகுப்பது. இதற்கு நம்மிடமே சான்றுகள் உள. அகநானூற்றின் நானூறு பாடல்களும் எண்ணாலேயே திணை தோன்ற அடுக்கப்பட்டவை. ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை; இரண்டும் எட்டும் குறிஞ்சி; நான்கு முல்லை; ஆறு மருதம்; பத்து நெய்தல். பாலைப் பாடல்கள் இருநூறு. அவற்றை ஒரே குவியலாக வைத்திருந்தால் கற்பவர் களைத்திருப்பார். பிற திணைகளோடு விரவி வைத்ததனால் படிப்போர்க்குச் சலிப்பில்லை. தேடுவோர்க்கும் எண்ணே வழிகாட்டுகிறது. தொகுத்தவன் உருத்திரசன்மன் நல்ல நூலடுக்கு அமைக்கத் தெரிந்தவன்.

இன்னொரு சான்று திருவரங்கத்திலேயே உண்டு. கோயிலின் வரலாற்றையும் நடைமுறையையும் தலைமுறை தலைமுறையாகப் பதிந்த நூலுக்குக் கோயிலொழுகு என்று பெயர். இராமானுசர் கோயிற் பணிகளைப் பத்துக் கொத்துகளாக வகுத்த செய்தியை அது கூறும். அங்கே வகுப்புக்கு அடிப்படை தோற்றமன்று, தொழில். எப்பணிக்கு எது வேண்டுமோ, அது அப்பணிக்கு அருகில் இருத்தல் வேண்டும்.

இவ்விரண்டையும் மனத்திற்கொண்டு என் அறையிலுள்ளவற்றை நான்கு குவியலாக்கினேன். நாள்தோறும் வேண்டுவன முதற்குவியல்: அகராதி, பாடக்குறிப்பு, எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரை. இவை எழாமலே கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. பருவத்துக்கு ஒருமுறை வேண்டுவன இரண்டாவது. அவை மேல்தட்டுக்குப் போயின. பிற இடங்களிலும் கிடைப்பன மூன்றாவது: இரட்டைப்படிகள், நகலெடுத்த கட்டுரைகள். அவற்றை மாணவர்க்கும் நூலகத்துக்கும் கொடுத்தேன். கருத்தரங்கப் பைகள் காய்கறிக் கடைக்குப் பயன்படுகின்றன. வேறெங்கும் கிடையாதன நான்காவது: கடிதங்கள், களக் குறிப்புகள், கையெழுத்துப்படிகள். இக்குவியலில் ஐயம் எழுந்தால் கொள்வதே முறை. இதை முதலில் பிரித்த பின்னரே பழைய தாள் வாங்குபவரை வாசலுக்கு அழைக்க வேண்டும். நான் முறையை மாற்றிச் செய்தேன்; இழந்தேன்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் வாழ்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் சுவரெல்லாம் ஈரம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி வைத்திருக்கிறேன்; உலர்ந்த வேப்பிலையும் வசம்பும் இட்டிருக்கிறேன். சரசுவதி பூசையன்று நூல்களை அடுக்கிப் பொட்டிட்டு வணங்குகிறோம். அதற்கு முதல்நாள் நான்காம் குவியலைப் பிரித்து, இராமபாணப் பூச்சியும் கரையானும் புகுந்தனவா எனப் பார்ப்பதும் வழிபாடே என்பது என் கருத்து. கணிப்பொறியில் படமெடுத்து வைப்பது நன்று; ஆயினும் பெயரிடாத கோப்பும் ஒரு கருத்தரங்கப் பையே.

கவிஞர்களே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எழுதிய தாளின் கீழ்ப் பெயரும் நாளும் இடுங்கள். அடித்து எழுதிய படியை உடனே கிழிக்க வேண்டா. அழைப்பிதழ்தானே, துண்டறிக்கைதானே என்று எண்ணற்க. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் நூல்களோடு நாடகத் துண்டறிக்கைகளையும் திருமண அழைப்பிதழ்களையும் பேணினார். 1992இல் அவர் மறைந்தார்; அவர் தொகுப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. நம் அமைப்பின் பத்தாண்டு அழைப்பிதழ்களும் கூட்டக் குறிப்புகளும் இன்று எத்தனை வீடுகளில் எந்தெந்தப் பையின் அடியில் கிடக்கின்றனவோ! அவற்றுக்கு ஓர் இரும்புப் பெட்டியும், ஒரு பதிவேடும், பொறுப்பாக ஒருவரும் வேண்டும். பெட்டியை நான் வாங்கித் தருகிறேன்.

நீல அட்டைக் குறிப்பேடு இனிக் கிடைக்காது. அந்த ஒன்பது கவிதைகளையேனும் இன்று செயலரிடம் ஒப்படைக்கிறேன். ஏழின் கீழ்ப் பெயர் உண்டு, இரண்டில் இல்லை. அவற்றுள் ஒன்று அந்த மின்கட்டணச் சீட்டு. எழுதியவர் இவ்வவையில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்து தம் கையெழுத்தை அடையாளம் கண்டு பெயரிட்டுச் செல்லுமாறு வேண்டுகிறேன்.