கனவுத் தீவில் ஆடு அறுத்தவர்கள்

தோழர்களே, தாமஸ் மோர் 1516இல் லத்தீனில் வெளியிட்ட ‘உட்டோப்பியா’வைச் சமத்துவக் கனவு என்றே கேட்டு வந்திருக்கிறோம். தனிச்சொத்து இல்லை, நாளுக்கு 6 மணி நேரம்தான் வேலை, தங்கத்தில் மூத்திரச் சட்டி செய்கிற அளவுக்குப் பொன்மேல் அலட்சியம். நல்லதுதான். ஆனால் நம் கண் வேறிடத்தில் நின்றுவிடுகிறது. ஊருக்கு வெளியே ஆடுமாடு அறுப்பவர்கள் யார்? அடிமைகள். குடிமக்கள் அறுத்தால் அவர்களுடைய இரக்க குணம் தேய்ந்துவிடுமாம்! அடிமைகள் அறுத்து, ஓடும் நீரில் கழுவிய இறைச்சி மட்டும் ஊருக்குள் வரும். பொதுச் சாப்பாட்டுக் கூடத்தின் அழுக்கு வேலையும் அவர்களுக்கே. அவர்களுடைய இரக்கம் தேயாதா? மோர் கேட்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போரில் பிடிபட்டவர்களும் தண்டனை பெற்றவர்களும் அங்கே அடிமைகள். அடிமைக்குப் பிறந்த பிள்ளை அடிமையல்ல.