காலும் வேண்டும், காதும் வேண்டும்
(கரவெட்டியில் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலையில் கவ்வாத்துக் கத்தி காலை வெட்டுகிறது. இங்கே வெங்காயத் தோட்டத்தில் மண்வெட்டி வெட்டுகிறது. காயத்துக் கிருமி எலும்புவரை போனால் சீழ் நிற்காது. சலரோகம் இருந்தால் காலையே எடுக்கவும் நேரலாம். அதனால்தான் வைத்தியர்கள் நான்கு, ஆறு கிழமை மருந்து தருகிறார்கள். பேர் போகிறதே என்று நாம் அதைப் பாதியில் விடக் கூடாது.

ஆனால் அந்த மருந்துகளில் சில காதைக் கெடுக்கக் கூடியவை. எல்லாம் அல்ல, முக்கியமாக ஜென்டாமைசின், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள். உள்காதில் ஒலியை வாங்கும் நுண்ணிய கலங்கள் உண்டு. செத்தால் அவை மறுபடி முளைக்கா. முதலில் போவது கீச்சென்ற ஒலிகள். பேச்சு கேட்பதால் ஆரம்பத்தில் நமக்குத் தெரியாது. ஊசி நின்ற பிறகும் சிலருக்குக் கேள்வி குறையலாம்.

ஆகவே ஊசி தொடங்குமுன் நாம் சொல்ல வேண்டியவை: சிறுநீரக வருத்தம் உண்டா, நீர் போகும் மாத்திரை குடிக்கிறோமா, தேயிலை ஆலை இரைச்சலில் வேலை செய்கிறோமா, தாய்வழியில் யாருக்காவது ஊசியால் காது போனதா. கேட்க வேண்டியவை: இது காதைத் தாக்கும் மருந்தா? வேறு மருந்து பொருந்துமா? காதுப் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனையும் எப்போது?

காதில் இரைச்சல், அடைப்பு, தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம் வந்தால் அன்றே தாதியிடமோ வைத்தியரிடமோ சொல்லுவோம். மருந்தை நாமாக நிறுத்த வேண்டாம். மாற்றுவதும் அளவைக் குறைப்பதும் வைத்தியர் வேலை.

கேட்டால் மாறுமா என்கிறீர்கள். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு மாதக்கணக்கில் ஊசி போட்டுப் பலர் செவிடானார்கள். நோயாளிகளும் சேர்ந்து குரல் எழுப்பினார்கள். 2018இல் தென்னாபிரிக்கா அந்த ஊசிக்குப் பதிலாக பெடாகுயிலின் மாத்திரைக்கு மாறியது. உலக சுகாதார நிறுவனமும் தன் வழிகாட்டலை மாற்றியது.

சங்கத்தின் வேலையும் உண்டு. வேலையில் பட்ட காயத்தை அன்றே பதிவு செய்விப்போம். கிளினிக் கொப்பியையும் மருந்துத் துண்டுகளையும் பத்திரப்படுத்துவோம். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் நமக்காகவும் உள்ளது. சிகிச்சை முடியுமுன் யாரையும் மலைக்கு ஏற விடமாட்டோம்.

காலைக் காப்பாற்றக் காதைக் கொடுக்க வேண்டியதில்லை. நேரத்தோடு கேட்போம்.