யார் குடி? – தன்பாலீர்ப்பாளருக்கென ஒரு நாடு இருந்தால்



யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்த ஆசிரியரிடம் மூன்று ஆண்டுகள் அரசியல் படித்தேன். படித்தேன் என்பதைவிட மாட்டிக்கொண்டேன் என்பதே சரி. ஆண்டுக்கு ஒருமுறை வகுப்புக்குள் வந்ததும் கரும்பலகையில் கோணல்மாணலாக ஒரு வட்டம் போடுவார். “இது ஒரு தீவு. உங்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை குடியுரிமைச் சட்டத்தோடு வாருங்கள்” என்பார். கொடி, நாட்டுப்பண், நாடாளுமன்றம் எல்லாம் பிறகு. யார் உள்ளே, யார் வெளியே என்று முதலில் சொல்ல வேண்டும்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அவர் குடும்பம் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், உன் தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்டது. லயத்துக் காம்பிராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டு அறையில், பிறந்தவனுக்கு ஏது சான்று? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓரமாக வைத்தது. “களத்துமேட்டில் நெல் அளக்கிற மாதிரி அளந்தான்கள்” என்பார் ஆசிரியர். வேறு எதற்கும் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு என் வகுப்பில் நானும் அதே வட்டத்தைப் போட்டேன். ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தேன்: இது தன்பாலீர்ப்பாளருக்கான நாடு. வகுப்பில் கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் நெளிவு. தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு பற்றிய 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பை மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைகள்தான். ஒப்பிப்பது வேறு, சட்டம் எழுதுவது வேறு. திங்கட்கிழமை வந்த தாள்களில் பாதிக்கு மேல் ஒரே வரியில் முடிந்திருந்தன: “தன்பாலீர்ப்பாளர் அனைவரும் குடிமக்கள்.” ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் சிவப்பு மையில் ஒரே கேள்வியை எழுதித் திருப்பிக் கொடுத்தேன்: “எப்படித் தெரியும்?”

இன்றைய என் பேச்சு அந்த ஓரக் குறிப்பின் நீட்சிதான்.

உலகத்து நாடுகள் பெரும்பாலும் இரண்டு வாசல் வழியாகக் குடிமக்களைச் சேர்க்கின்றன. ஒன்று பிறந்த மண். மற்றது பெற்றோரின் குருதி. இந்தத் தீவில் இரண்டும் அடைபட்டுப்போகும். தன்பாலீர்ப்பாளர் பிறப்பது பெரும்பாலும் ஆணும் பெண்ணும் மணந்து வாழும் வீடுகளில். உங்கள் தெருவிலும் என் தெருவிலும் பிறக்கிறார்கள், தீவிலே பிறப்பதில்லை. தீவிலே ஒரு தம்பதி வளர்க்கிற பிள்ளையோ பெரும்பாலும் எதிர்பாலை விரும்புகிற பிள்ளையாகவே வளரும். அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதானதும் ‘நீ எங்கள் இனமில்லை’ என்று படகில் ஏற்றி அனுப்புவதா?

பிறப்பால் யாரும் குடிமகனாகாத நாடு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 1929இன் இலாத்தரன் ஒப்பந்தத்தில் உருவான வத்திக்கான். அங்கே பதவியைப் பொறுத்தே குடியுரிமை. பதவி போனால் அதுவும் போகும். அப்படி இழந்தவருக்கு வேறு நாட்டுக் குடியுரிமை இல்லையென்றால் இத்தாலி தன் குடிமகனாக ஏற்றுக்கொள்ளும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள். கெட்டிக்காரர்கள். நம் தீவுக்குப் பக்கத்தில் அப்படி ஓர் இத்தாலி கிடையாது.

பிறப்பு உதவாது என்றானபின் மாணவர்கள் அடுத்துத் தேடிப்போனது சோதனையை. ஒருவர் ‘மருத்துவக் குழு’ என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ‘நேர்முகத் தேர்வு’ என்றார், வங்கி வேலைக்குச் சொல்வதுபோல. கற்பனை என்று நினைத்து எழுதினார்கள். இவை நடந்திருக்கின்றன.

2015இல் நைஜீரியர் ஒருவர் ஹங்கேரியில் தஞ்சம் கேட்டார். தாம் தன்பாலீர்ப்பாளர், ஊரில் இருந்தால் ஆபத்து என்றார். அவர் சொன்னதில் முரண்பாடு இருப்பதாக அதிகாரிகளே கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் உளவியலாளரிடம் அனுப்பினார்கள். அங்கே வைத்த சோதனைகளில் ஒன்று, மழையில் நிற்கும் மனிதனை வரையச் சொல்வது. கூடவே ரோர்ஷாக்கின் மைக்கறைப் படங்களும், சோண்டியின் முகப் படங்களும்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். உயிருக்குப் பயந்து கண்டம் தாண்டி வந்தவன் கையில் ஒரு பென்சில். முன்னால் வெள்ளைத்தாள். மழையில் ஓர் ஆள். குடை பிடித்து வரையலாமா? பிடித்தால் என்ன பொருள், பிடிக்காவிட்டால் என்ன பொருள்? கோடு எத்தனை அழுத்தம் என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கோட்டிலிருந்து இவன் யாரை விரும்புகிறான் என்று தெரிந்துவிடுமாம். தெரியவில்லை என்று அறிக்கை வந்தது, விண்ணப்பம் தள்ளுபடி. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம்வரை போயிற்று. பாலீர்ப்பைக் கண்டறிய இப்படிச் சோதிப்பது தனிவாழ்க்கைக்குள் அளவுமீறி நுழைவது என்று 2018 ஜனவரி 25 அன்று அந்த நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்பே, 2014 டிசம்பரில், நெதர்லாந்து வழக்கொன்றில், அந்தரங்கக் காட்சிகளைப் படமெடுத்துச் சான்றாகக் கொடுத்தாலும் அதிகாரிகள் வாங்கக் கூடாது என்று தீர்ப்பளித்திருந்தது. வாங்கக் கூடாது என்று ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது என்றால், கொண்டுவந்து நீட்டுகிற நிலைக்கு மனிதர்கள் தள்ளப்பட்டிருந்தார்கள் என்றுதானே பொருள்?

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிளைவ் பூட்டிலியர் கனடாக்காரர். 1955இல் அமெரிக்காவில் குடியேறினார். 1963இல் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, பழைய கைது ஒன்றை மறைக்காமல் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு துருவினார்கள். அவரும் தம் வாழ்க்கையை வாக்குமூலமாகச் சொன்னார். 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் ‘மனநோய்ப் பாங்குடைய ஆளுமை’ உள்ளவர் நாட்டுக்குள் வரக் கூடாது என்று ஒரு சொற்றொடர் உண்டு. நாடாளுமன்றம் தன்பாலீர்ப்பாளரையும் சேர்த்தே அப்படிச் சொன்னது என்று 1967இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் முடிவு செய்தது. அவரை நாடு கடத்தினார்கள். அந்தத் தடை 1990இல்தான் சட்டத்திலிருந்து நீங்கியது.

அவரை வெளியேற்றும்போது அவர் வாய்ச்சொல்லே போதுமாக இருந்தது. மழையில் மனிதனை வரையச் சொல்லவில்லை. ஹங்கேரியில் ஒருவர் உள்ளே வரக் கேட்டபோது அதே வாய்ச்சொல் போதவில்லை. துரத்தும்போது நம்புகிற அரசு, சேர்க்கும்போது நம்ப மறுக்கிறது. நம் தீவும் வாசலில் ஒரு மருத்துவக் குழுவை உட்கார வைத்தால், அந்தப் பழைய அலுவலகத்தைப் பெயர்ப்பலகை மாற்றித் திறந்ததாகத்தான் ஆகும்.

இது நமக்குத் தூரத்துக் கதையல்ல. தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் உண்டு என்று நம் உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் சொன்னது. 2019இல் வந்த சட்டம் அதை ஏற்பதுபோல் ஏற்று, மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்கு என்றது. தாமே சொன்னால் போதும் என்ற இடத்துக்கும் சான்றிதழ் எங்கே என்ற இடத்துக்கும் இடையே ஐந்தே ஆண்டு.

ஆகவே என் கட்சி இதுதான்: தஞ்சம் கேட்டு வருபவரின் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். பொய் சொல்லி நாலு பேர் வரமாட்டார்களா? வருவார்கள். எந்தக் குடியுரிமைச் சட்டத்தில்தான் பொய்யன் நுழையவில்லை? 60க்கும் மேற்பட்ட நாடுகளில் தன்பால் உறவு இன்னமும் குற்றம். அங்கிருந்து வருகிறவர் ‘நான் தன்பாலீர்ப்பாளர்’ என்று அரசாங்கத் தாளில் கையெழுத்திட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப முடியுமா? அந்தக் கையெழுத்துக்கே ஒரு விலை இருக்கிறது.

சரி, வந்தவர் பிறகு மாறிவிட்டால்? தீவில் குடியேறிய ஒருவர் ஐந்தாண்டு கழித்து ஒரு பெண்ணை மணக்கிறார். அவர் இருபாலீர்ப்பாளர், அதை யாரிடமும் மறைக்கவுமில்லை. இங்கே இஸ்ரேலின் அனுபவம் உதவும். 1950இன் ‘திரும்பிவரும் சட்டம்’ யூதர் எவரும் அங்கே வந்து குடியேறலாம் என்றது. ஆஸ்வால்ட் ரூஃபைசன் யூதராய்ப் பிறந்தவர். நாஜிகளிடமிருந்து மீர் நகரத்து யூதர் பலரைத் தப்பவைத்தவர். கன்னியர் மடமொன்றில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கரானார், பின்னர் துறவியுமானார். நான் இன்னும் யூதன்தான் என்று அவர் கேட்டபோது, அந்தச் சட்டத்தின்கீழ் இல்லை என்று 1962இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு சாதாரண வழியில்தான் குடியுரிமை வாங்கினார். தகுதியை ஓர் அடையாளத்தில் வைத்தால், அந்த அடையாளத்தின் எல்லையை யாரோ ஒருவர் உட்கார்ந்து அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

அதே சட்டத்தை 1970இல் திருத்தி, யூதரின் துணைவருக்கும் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் அவர்கள் யூதரல்லாவிட்டாலும் உரிமை தந்தார்கள். ஆள் தனியாக வருவதில்லை, குடும்பமாக வருகிறான் என்பது இருபது ஆண்டு கழித்து உறைத்திருக்கிறது. என் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு அது முதல் நாளே உறைத்துவிட்டது. அவள் தாளின் நான்காம் பிரிவு: “குடிமக்களின் தாய்மார் விரும்பினால் குடியுரிமை பெறலாம். காரணம், மீன்குழம்பு.” மதிப்பெண் போடுவதற்கு முன்னால் நான் சிரித்துவிட்டேன். ஆனால் அம்மாவுக்கு இடமில்லாத நாட்டுக்கு எத்தனை பேர் போவார்கள் என்பது நல்ல கேள்வி. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் போவார்கள். அப்படியானால் துரத்திய வீட்டுக்கும் தீவில் இடமா? அவள் தாளில் அதற்குப் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

இத்தனை சிக்கலுக்கும் வெளியே நின்று யோசித்தவர்கள் சிலர் 1970இல் லாஸ் ஏஞ்சலஸில் இருந்தார்கள். ‘கே லிபரேஷன் ஃப்ரண்ட்’ என்ற அமைப்பினர். கலிபோர்னியாவின் மலைப்பகுதியில் ஆல்பைன் என்றொரு கவுன்டி; அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் மொத்தம் 484 பேர். சில நூறு தன்பாலீர்ப்பாளர் அங்கே போய்க் குடியேறினால், தேர்தலிலேயே உள்ளூர் ஆட்சியைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். செய்தித்தாள்கள் அமளிப்படுத்தின. அங்குள்ள மார்க்லிவில் ஊர்க்காரர்களுக்குத் தூக்கம் போயிற்று. மறு ஆண்டு திட்டம் கரைந்துவிட்டது. நாலு பேர் பேசட்டும் என்றே கிளப்பினோம் என்று தலைவர்களில் சிலர் பின்னாளில் ஒத்துக்கொண்டார்கள். அங்கே விழுகிற பனியைத் தாங்க எத்தனை பேர் தயாராக இருந்தார்கள் என்பதும் சந்தேகம்தான்.

எனக்கு அந்தத் திட்டத்தில் பிடித்தது வேறு. யாரும் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. வீடெடு, குடியிரு, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர், வாக்குப் போடு. பழைய ஊர்க்காரருக்கும் அதே வாக்கு. என் தீவுச் சட்டத்துக்கு நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். ஆபத்திலிருந்து ஓடிவந்தவருக்கு அவர் சொல்லின் பேரில் உடனே இடம். மற்றவர் யாராயினும் சில ஆண்டு அங்கே வாழ்ந்து, தீவின் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாக உறுதி சொன்னால் குடியுரிமை. அங்கே பிறந்த பிள்ளை எந்தக் கேள்வியுமின்றிக் குடி.

“அப்படியானால் முப்பது வருஷத்தில் மற்றவர்கள்தானே சார் பெரும்பான்மை? 377ஐத் திரும்பக் கொண்டுவந்துவிட மாட்டார்களா?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் கேட்டான். மாட்டார்கள் என்று நான் எப்படிச் சொல்வது? அதற்கு வேலி குடியுரிமையில் அல்ல, அரசியலமைப்பில் கட்ட வேண்டியது என்றேன். 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் நம் நீதிமன்றம் சொன்னதுபோல, எத்தனை பெரும்பான்மை வந்தாலும் தொட முடியாத அடிப்படைக் கட்டமைப்பு ஒன்று வேண்டும். விரும்பியவரோடு வாழும் உரிமை அதற்குள் இருக்க வேண்டும்.

“அப்படி ஒரு நாடு என்றால் அது சாதாரண நல்ல நாடுதானே? எதற்கு சார் தனித் தீவு?”

விடவில்லை அவன். அவனுக்கு நான் சொன்னது பவளக் கடல் கதை. ஆண் – பெண் சேர்க்கை மட்டுமே திருமணம் என்று ஆஸ்திரேலியா சட்டம் செய்ய முனைந்த 2004இல், ஜூன் 14 அன்று, டேல் பார்க்கர் ஆண்டர்சன் என்பவர் ஆளில்லாத கேட்டோ தீவில் வானவில் கொடி ஏற்றி, தன்பாலீர்ப்பாளர் முடியரசு என்று அறிவித்தார். தாமே பேரரசர். தபால்தலை வெளியிட்டார்கள். ஆஸ்திரேலியாமீது போர்ப் பிரகடனம்கூடச் செய்தார்கள். தண்ணீரே இல்லாத மணல்திட்டு. வந்து தங்கிய குடி என்று ஒருவருமில்லை. 2017 நவம்பரில் அஞ்சல்வழிக் கருத்துக்கேட்பில் பதிலளித்த ஆஸ்திரேலியர்களில் 61.6 விழுக்காட்டினர் தன்பால் திருமணத்துக்கு ஆம் என்றார்கள். அதோடு பேரரசர் தம் நாட்டைத் தாமே கலைத்துவிட்டார். வேலை முடிந்தது என்று கடையைக் கட்டிக்கொண்டு போன அரசு வரலாற்றில் எத்தனை இருக்கும்?

மாணவன் திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை. அவனுக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

மீன்குழம்புப் பெண்ணின் தாளில் மட்டும் இரண்டாவது கேள்வி ஒன்று எழுதியிருந்தேன்: “தாய்மாருக்கு வாக்குரிமை உண்டா?” மறுநாள் திருத்திக் கொண்டுவந்தாள். நான்காம் பிரிவின்கீழ் ஓர் உட்பிரிவு சேர்ந்திருந்தது: “உண்டு. ஆனால் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால் ஒரு தேர்தலுக்கு மட்டும் நிறுத்திவைக்கப்படும்.”